85-க்கும் 90-க்கும் நடுவில் மாட்டிய பேத்தி

பேத்திக்கு இரண்டு வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகளும் மருமகனும் ஓசூரிலிருந்து மே மாத லீவுக்கு வந்திருந்தார்கள். வந்த அன்று ராத்திரியே மருமகன் செல்போனை நீட்டி, "மாமா, இங்க பக்கத்துல ஒரு தீம் பார்க் இருக்குதுங்களாம். பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டார். சேலத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். இத்தனை வருடம் இதே ஊரில் இருந்தும் நான் உள்ளே போனதில்லை. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு மேலே ராட்டினத்தின் தலை தெரியும், அவ்வளவுதான்.

பார்க்கின் பெயரைப் போடவில்லை. நாலு நல்லதும் சொல்வேன், எட்டு குறையும் சொல்வேன், எதற்கு வம்பு. கைக்குழந்தையோடு இப்படி ஓர் இடத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு எந்த ஊர் பார்க்காக இருந்தாலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: இரும்பாலையில் முப்பத்து நாலு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. எங்கே சத்தம் வருகிறது, எங்கே கிரீஸ் காய்ந்திருக்கிறது என்றுதான் கண் போகும். என் வீட்டுக்காரிக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம்.

சரி, கேட்டுக்கு வருவோம். டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட ஒரு பலகை. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். அதற்கு மேல் குழந்தை டிக்கெட், 700 ரூபாய். பெரியவர்களுக்கு 900. அறுபது தாண்டியவர்களுக்கு ஆதாரைக் காட்டினால் 700. நானும் வீட்டுக்காரியும் அதில் வந்துவிட்டோம். பாப்பாவை நிறுத்தினார்கள். அந்தப் பையன் பலகையைப் பார்த்து, "88 வருதுங்க சார்" என்றான்.

எப்படி வராது? காலில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் ஷூ. தலையில் அம்மாயி, அதாவது என் வீட்டுக்காரி, ஆசையாகப் போட்டுவிட்ட குடுமி. குடுமியின் நுனி வரைக்கும் அளந்திருக்கிறான். "தம்பி, முடியெல்லாம் உயரத்துல சேராதப்பா" என்றேன். அவன் சிரித்தான். எனக்கு விட மனசில்லை. என் பையில் எப்போதும் ஒரு மூன்று மீட்டர் ஸ்டீல் டேப் கிடக்கும், வேலையில் இருந்தபோது வந்த பழக்கம். எடுத்தேன். ஷூவைக் கழற்றி, குடுமியை அவிழ்த்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை மட்டமாக வைத்து அளந்தேன். பின்னால் வரிசையில் இருபது பேர். "அப்பா, போதும்ப்பா, மானம் போகுது" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

85.3.

என் டேப்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் தலையைத் தூக்கும்போது மருமகன் ஜிபேயில் பணத்தைப் போட்டு முடித்திருந்தார். மொத்தம் 3,900.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் வைத்திருக்கிற குழந்தை வளர்ச்சி அட்டையைப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுவாந்திர உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். அதாவது இரண்டாவது பிறந்தநாள் கேக் வெட்டிய குழந்தைகளில் பாதிக்கு மேல் அந்த 85 கோட்டைத் தாண்டி நிற்கும். கோடு போட்டவர் விவரமானவர்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம். ஆனால் உள்ளே போனால் இன்னொரு கோடு இருக்கிறது. அதைக் கேட்டில் யாரும் சொல்லவில்லை. குடும்பத்தோடு ஏறலாம் என்று படம் போட்டிருக்கிற ராட்டினங்களில் பெரும்பாலானவற்றுக்கு, பெரியவர் துணையோடு ஏறவே 90 வேண்டும். குட்டி ரோலர் கோஸ்டருக்கு 107. பெரிய ஆட்டங்களுக்கு 140. பணம் வாங்க 85, ஏற்றிவிட 90. என் பேத்தி சரியாக அந்த ஐந்து சென்டிமீட்டர் சந்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் போனது கப் அண்ட் சாஸர் மாதிரி சுற்றுகிற ஒன்று. வாசலில் இருபது வயசுப் பெண் ஒன்று கையில் ஒரு கம்போடு நின்றது. கம்பில் 90-க்குச் சிவப்புப் பட்டை. பாப்பாவை ஷூவோடு நிறுத்திப் பார்த்தும் பட்டைக்குக் கீழேதான் தலை. "இல்லைங்க, ஏத்த முடியாதுங்க" என்றது. மருமகன், "நான் மடியில வெச்சுக்கறேன்மா, கெட்டியாப் புடிச்சுக்கறேன்" என்று கெஞ்சினார். அந்தப் பெண் அசையவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள் என்று பின்னால் ஒருத்தர் சவுண்டு விட்டார். அப்போதும் அசையவில்லை.

கேட்டில் மூன்று மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்டிய நான் இங்கே அந்தப் பெண் பக்கம். மருமகனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மடியின்மேல் வந்து இறங்குகிற கம்பி இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. பெரியவர் தொடையிலோ தொப்பையிலோ முட்டினதும் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சின்னதுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும். ராட்டினம் சுழல ஆரம்பித்ததும் குழந்தை அந்த இடைவெளி வழியாக நழுவலாம். மடியில் வைத்தால் அதைவிட மோசம், கம்பிக்கும் நமக்கும் நடுவில் நசுங்கும். கையால் பிடித்துக்கொள்வேன் என்பதெல்லாம் நிற்கிற வண்டியில் சொல்கிற பேச்சு. பத்துப் பதினோரு கிலோ குழந்தை, வண்டி வேகமாகத் திரும்பும்போது இரண்டு மடங்கு கனம் கனக்கும். அப்புறம் கழுத்து. இரண்டு வயதில் உடம்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தலைதான். அந்தத் தலையைத் தாங்குகிற தசை இன்னும் முற்றவில்லை. ஒரு வெட்டு வெட்டினால் நமக்குச் சும்மா குலுங்கும், அதற்கு அப்படி இல்லை.

"சரிங்க மாமா" என்றார். முகம் என்னவோ போலத்தான் இருந்தது. நாலாயிரம் கொடுத்த மனுஷன். ஆனால் இந்தப் பார்க்குக்கு நான் மார்க் போட்டால் பாதிக்கு மேல் அந்தக் கம்பு பிடித்த பெண்ணுக்குத்தான் போகும்.

90-க்குக் கீழே என்னதான் இருக்கிறது? நான்கு. மணி அடித்துக்கொண்டு பார்க்கைச் சுற்றுகிற பொம்மை ரயில், பெஞ்சு வைத்த குதிரை ராட்டினம், மெதுவாக வட்டம் போகிற குட்டிக் கார், பிறகு முழங்கால் உயரம்கூட இல்லாத, குழந்தைகளுக்கான தண்ணீர்த் தொட்டி. 700-ஐ நாலால் வகுத்தால் ஒன்றுக்கு 175 ரூபாய் விழுகிறது. ரயிலுக்கு அது கொடுக்கலாம். டிரைவர் ஒரு பெரியவர், பாப்பா கையை ஆட்டினால் மணியை இரண்டு தரம் அடித்தார். இறங்கவே மாட்டேன் என்றாள். மறுபடி ஒரு சுற்று விட்டார், வரிசை இல்லாததால். குதிரை ராட்டினத்தில் முதல் இரண்டு சுற்று அம்மாயிக்கு டாட்டா காட்டினாள். மூன்றாவது சுற்றில் அம்மாயி கண்ணுக்குத் தென்படவில்லை, கும்பல் மறைத்துவிட்டது. அழ ஆரம்பித்தவள் ராட்டினம் நிற்கிற வரை அழுதாள். குதிரை ராட்டினத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் தயவுசெய்து ஒரே இடத்தில் நில்லுங்கள். குட்டிக் காரில் ஸ்டீரிங் வேலை செய்யவில்லை, அது அவளுக்குத் தெரியாது. திருப்பிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் கரடி வேஷம் போட்ட ஒருவர் போட்டோவுக்கு வந்தார். பாப்பா என் கழுத்தை இறுக்கிய இறுக்கில் மூச்சு முட்டியது. அந்தத் தம்பி உடனே பத்தடி பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்தே மெதுவாகக் கையை ஆட்டினான். மே மாத வெயிலில் அந்தத் தடித்த துணிக்குள் இருந்துகொண்டு இவ்வளவு பொறுமை. அவள் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பெரிய குறை. தண்ணீர்ப் பகுதியை 12 மணிக்குத்தான் திறக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்று யாராவது ஒரு தாயைக் கேட்டிருக்கலாம். நாங்கள் பத்தரைக்கு உள்ளே போனோம். ரயில், குதிரை, கார் எல்லாம் பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. பன்னிரண்டுக்குக் கதவைத் திறக்கும்போது பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே காலுக்கு அம்மாயி தோளில் தூங்கிவிட்டாள்.

படுக்கவைக்க இடம் தேடினோம். தாய்ப்பால் அறை என்று ஒன்று இருக்கிறது, ஏசி போட்டது. ஆனால் சாவி யாரிடமோ இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், டயப்பர் மாற்றுகிற மேசைமேல் துடைப்பமும் பினாயில் கேனும். சுத்தம் செய்கிற அக்கா நல்லவர், பதறிப்போய் எடுத்து வைத்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பொருள் வைக்க அவருக்கு வேறு இடம் கொடுக்கவில்லை. நாங்கள் அங்கே இருக்காமல் வெளியே ஒரு புங்க மரத்தடிக்கு வந்துவிட்டோம். புங்க நிழல் இருக்கும்போது ஏசி எதற்கு.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்த பணத்துக்குப் பலன். "போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவைத்தோம். போகும்போது மருமகனிடம் ஒன்று சொன்னேன்: சுற்றுகிற ஆட்டத்தில் கனமானவர் வெளிப்பக்கம் உட்கார வேண்டும், ஒல்லியானவர் உள்பக்கம். மாறி உட்கார்ந்தால் சுழலும்போது கனம் முழுக்க ஒல்லியானவர்மேல் சாயும். கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. அந்த 140 ஆட்டத்தில் என் மகள் கத்தியது புங்க மரம் வரைக்கும் கேட்டது. "உம்பட புள்ளை சத்தம்தானே அது?" என்றேன். "பின்னே?" என்றாள் வீட்டுக்காரி, பாப்பாவுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டே. கல்யாணமாகி அஞ்சு வருடத்தில் மகள் இப்படிச் சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டதில்லை. வீட்டில் கத்துவது வேறு ராகம்.

சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது, குழந்தைக்கு மட்டும் அனுமதி. வீட்டுக்காரி தூக்குப்போசியில் பருப்பு சாதம் பிசைந்து கொண்டுவந்திருந்தாள். அதற்கு அடியில் டப்பாவில் பன்னிரண்டு இட்லி. செக்யூரிட்டி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பாப்பா பன்னண்டு இட்லி சாப்புடுதுங்களா?" என்று கேட்டான். இட்லி காருக்குப் போனது. உள்ளே வெஜ் பிரியாணி 180, தயிர் சாதம் 110, ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்தது, பல் கூசியது. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆறு படி ஏற வேண்டும், சாய்தளம் இல்லை. தள்ளுவண்டி கொண்டுபோனால் ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால் பிடித்துத் தூக்க வேண்டும். நடைபாதை முழுக்கப் பேவர் பிளாக். தள்ளுவண்டியில் குழந்தை பேசினால் குரல் அதிரும். அது மட்டும் பாப்பாவுக்குப் பிடித்திருந்தது, "ஆஆஆ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டு மணிக்கு விழித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். தண்ணீருக்குள் இறங்க நைலான் உடுப்புதான் போட வேண்டும். இளம்பிள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்காரி கரையில் கால் வைத்ததும் விசில். பருத்தி நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும், அதனால்தான் என்று விளக்கினேன். "என் சேலை நூல் பிரியுமாக்கும்?" என்று கோபித்துக்கொண்டு ஐந்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். காரணம் சரிதான், ஆனால் கணுக்கால் நனைக்கிற அளவு தண்ணீரில் பேத்தி கையைப் பிடிக்க ஒரு பாட்டி வாடகைக்கு நைலான் பேன்ட் எடுக்க வேண்டும் என்றால் எந்தப் பாட்டி எடுப்பாள்? கரையோரமாக ஒரு கைப்பிடி வைத்த திட்டு கட்டியிருக்கலாம். ஆயிரம் ரூபாய் சிமென்ட் வேலை.

டயப்பர் பற்றி மகள் எழுதச் சொன்னது: சாதா டயப்பர் தண்ணீரில் ஊதிப் பூசணிக்காய் ஆகிவிடும். நீச்சல் டயப்பர் என்று தனியாக விற்கிறது, ஊரிலேயே வாங்கிப் போங்கள். உள்ளே ஒன்று 150 ரூபாய். ஆனால் அது மூத்திரத்தைப் பிடித்து வைக்காது, மற்றதை மட்டும்தான் தடுக்கும். அதனால் தொட்டிக்குள் போகும்வரை அதைப் போடாதீர்கள். நாங்கள் காரிலேயே போட்டோம், என் பேன்ட் சாட்சி.

தொட்டி நன்றாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். காளான் குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தரையில் வழுக்காத ரப்பர். வெயிலில் சுடாத ஃபைபர் சறுக்கு, மூன்று படிதான். ஒரு லைஃப்கார்டு கையில் போன் இல்லாமல் நின்றான், அது பெரிய விஷயம். பாப்பா நாற்பது நிமிஷம் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரை மொண்டு என் கால்மேல் ஊற்றினாள். வீட்டில் இதையே செய்தால் அவள் அம்மா திட்டுவாள்.

அப்போதுதான் என் கண் கைப்பிடிக்குப் போனது. பளபள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், ஆனால் அங்கங்கே டீ சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புக் கறை. முப்பத்து நாலு வருடம் அதே சரக்கோடு வாழ்ந்தவன், எப்படிச் சும்மா இருப்பேன்? ஸ்டெயின்லெஸ் என்றால் கறையே பிடிக்காது என்று நினைக்கிறார்கள். சாதாரணமாகச் சமையல் பாத்திரத்துக்குப் போகிற 304 என்கிற ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். வீட்டுக்கு அது போதும். குளோரின் கலந்த தண்ணீர் தினமும் தெறித்துக் காய்கிற இடத்தில் குளோரைடு அதை ஊசிக்குத்து மாதிரி குத்தும். அங்கே 316 ரகம் போட வேண்டும், அதில் இரண்டு சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்திருக்கும், விலை கூட. கறை அழகுக் குறைதான், அதை விடுங்கள். ஆனால் ஒரு வெல்டிங் மூட்டில் பிசிறு அப்படியே நின்றது, சரியாக இரண்டு வயதுக் குழந்தையின் கை பிடிக்கிற உயரத்தில். விரலை வைத்துப் பார்த்தேன், கீறியது. லைஃப்கார்டிடம் காட்டினேன். "கிரைண்டர் புடிச்சா ரெண்டு நிமிஷ வேலை தம்பி" என்றேன். அவன் ஒரு துணியை எடுத்து அந்த மூட்டில் சுற்றிக் கட்டினான், மேலிடத்தில் சொல்கிறேன் என்றான். "அப்பா, நாம ராட்டினம் பாக்க வந்தமா, கைப்புடி பாக்க வந்தமா?" என்றாள் மகள்.

நாலு மணிக்குத் தொட்டியில் குளோரின் நெடி தூக்க ஆரம்பித்தது. நெடி அதிகமாக அடித்தால் மருந்து அதிகம், தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேரும்போதுதான் அந்தக் கண் எரிகிற நெடி வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐம்பது குழந்தைகள் இருந்த தொட்டி அது. பாப்பாவைத் தூக்கிவிட்டோம், குவளையை அவளே கையில் பிடித்துக்கொண்டு. குவளை பார்க்கினுடையது. திருப்பிக் கொடுக்க இன்னொரு பத்து நிமிஷ அழுகை.

காரைத் திறந்ததும் இட்லி வாசனை சொல்லிவிட்டது. ஆறரை மணி நேரம் மே வெயிலில் மூடிய கார். போகிற வழியில் டப்பாவைக் கொட்டிவிட்டு, சேலத்தில் ஒரு தள்ளுவண்டியில், இரண்டு தட்டைக்கு நடுவில் காய்த் துருவல் வைத்த தட்டுவடை செட் வாங்கினோம். காரமில்லாமல் ஒரு தட்டுவடையைப் பாப்பா கையில் கொடுத்தால் பீட்ரூட் துருவலை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டுச் சட்டையெல்லாம் சிவப்பாக்கினாள். ஐந்து பேருக்கும் சேர்த்து உள்ளே ஒரு பிரியாணி விலைகூட ஆகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கவென்றே அடுத்த புதன்கிழமை ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. குழந்தையோடு போகிறவர்கள் காலையில் பால் கொடுத்ததும் உடனே கிளம்பாதீர்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், நாங்கள் விடவில்லை. பதினோராவது வளைவில் எல்லாம் வெளியே வந்தது. மேலே போனால் காற்றே வேறு, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம் அல்லவா. ஏரிக்கரை அண்ணா பூங்காவில் ஊஞ்சலிலும் புல்லிலும் பொழுது போனது. அங்கே யாரும் உயரம் அளக்கவில்லை. மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவும் இருக்கிறது, அங்கே மானைப் பார்த்து "மாடு" என்றாள். ஆனால் அங்கெல்லாம் என் மகளுக்குக் கத்த ஒன்றும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கிளம்புகிறவர்கள் ராத்திரியே கதவு நிலையில் குழந்தையை நிறுத்தி, வெறுங்காலோடு, முடியை அழுத்தி அளந்துவிடுங்கள். 85-க்குக் கீழே வந்தால் யோசிக்காமல் போங்கள், இலவசமாக ரயிலும் தொட்டியும் கிடைக்கும். 90-க்கு மேல் வந்தால் கணக்கு கொஞ்சம் தேறும். நடுவில் வந்தால் வயதானவர்கள் யாரையாவது கூட அழைத்துப் போங்கள், தூக்கத்துக்குக் காவல் இருக்க. ஞாயிறு வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் 85.3-க்குப் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன், அவள் அம்மாவின் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில். தீபாவளிக்கு வரும்போது 90 தொடும் என்று மருமகன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பாப்பா கையில் கட்டிய டிக்கெட் காகிதப் பட்டையை மூன்று நாள் வெட்டவிடவில்லை, வளையல் என்றாள். நாலாம் நாள் தூங்கும்போது அம்மாயி வெட்டி எடுத்தாள். எழுந்ததும் வெறுங்கையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அப்புச்சி, வயிலு போச்சு" என்றாள். வளையலைச் சொன்னாளா ரயிலைச் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை.